தினப்படி சேதியும் மன ஆறுதலும்: ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

நாட்குறிப்பு எழுதும் பழக்கம் மனநலத்துக்கு உதவும் என்னும் கருத்து, கடந்த நாற்பதாண்டு உளவியல் ஆய்வுகளால் வலுப்பெற்றுள்ளது. அவ்வாய்வுகள் உணர்வை எழுதுவதையும் நிகழ்வை எழுதுவதையும் வேறு வேறாகப் பிரித்து, முன்னதற்கே பயன் மிகுதி என்கின்றன. தமிழில் கிடைக்கும் முதற்பெரும் நாட்குறிப்பான ஆனந்தரங்கப் பிள்ளையின் தினப்படி சேதிக் குறிப்பு (1736-1761) இப்பிரிப்புக்கு எளிதில் உட்படுவதில்லை. அதில் உணர்வுச் சொற்கள் குறைவு, உரையாடல்கள் மிகுதி. அந்த உரையாடல்களே எழுதியவரின் மனச்சுமையைத் தாங்குகின்றன என்பதை, அவர் எழுதத் தொடங்கிய சூழல், 1746-இல் குறிப்பு அடர்த்தியுற்ற விதம், 1748-இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டபோது எழுதிய பகுதி ஆகியவற்றின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நாட்குறிப்பு, தினப்படி சேதி, துபாசி, புதுச்சேரி, மனநலம், வெளிப்பாட்டு எழுத்து

முன்னுரை

நாட்குறிப்பு எழுதுவோர் மனநலம் பெறுவர் என்பது தொன்றுதொட்டு வரும் நம்பிக்கை அன்று. ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதற்கு நேர்மாறான கருத்தும் செல்வாக்குடன் நிலவியது. ஜெனீவாவில் வாழ்ந்த ஆன்றி பிரெதெரிக் அமியேல் பல்லாயிரம் பக்கங்களில் தம் அகத்தைத் துருவி எழுதி 1881-இல் மறைந்தார். அவருடைய நாட்குறிப்பின் பகுதிகள் அச்சேறியபோது, அதனைச் செயலாற்றும் உறுதியை அரித்துவிட்ட ஒரு நோயின் பதிவாகவே திறனாய்வாளர் சிலர் வாசித்தனர். தன்னையே ஓயாமல் நோக்கும் எழுத்து மருந்தாகும் என்று அன்று பலர் கருதவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் நிலைமை மாறியது. அமெரிக்க உளவியலாளர் ஐரா ப்ரோகாஃப் 1960-களில் நாட்குறிப்பை ஒரு பயிற்சி முறையாக வகுத்துக் கற்பித்தார். 1986-இல் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் தொடக்கப்புள்ளியாகக் கருதப்படுகிறது. கல்லூரி மாணவர் 46 பேர் தொடர்ந்து நான்கு நாள், நாளொன்றுக்கு 15 நிமிடம் எழுதினர். ஒரு குழுவினர் அற்ப விடயங்களை எழுதினர். மற்ற மூன்று குழுவினர் தம் வாழ்வின் துயர அனுபவத்தைப் பற்றி எழுதினர். அவர்களுள் ஒரு சாரார் நிகழ்வை மட்டும், ஒரு சாரார் உணர்வை மட்டும், இன்னொரு சாரார் இரண்டையும் சேர்த்து எழுதினர். இரண்டையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த ஆறு மாதங்களில் மருத்துவ மையத்தை நாடியது குறைந்தது. நிகழ்வை மட்டும் எழுதியவர்களின் நிலை, அற்ப விடயங்களை எழுதியவர்களின் நிலையை ஒத்திருந்தது.

இந்த முடிவின் பிற்பாதி தமிழ் நாட்குறிப்பு வரலாற்றை ஆராய்வோருக்கு ஒரு சிக்கலை உண்டாக்குகிறது. பழைய தமிழ் நாட்குறிப்புகள் மேலோட்டமான பார்வைக்கு நிகழ்வை மட்டும் எழுதிய குழுவைச் சேர்ந்தவை. கப்பல் வந்தது, துரை அழைத்தார், சீட்டு வந்தது, பல்லக்கு போனது என்றே அவற்றின் பக்கங்கள் நகர்கின்றன. அப்படியாயின் அவற்றை எழுதியோர் அவ்வெழுத்தால் எந்த ஆறுதலும் பெறவில்லையா? வெறும் ஆவணமாகவே அதனைக் கருதினரா? பயனற்ற ஒரு வேலையை ஒருவர் இருபத்தைந்து ஆண்டுகள், அரசியல் நெருக்கடியிலும் உடல்நலக் குறைவிலும் விடாமல் செய்தது ஏன்?

எழுதத் தொடங்கிய சூழல்

ஆனந்தரங்கப் பிள்ளை 1709-இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்தார். தந்தை திருவேங்கடம் பிள்ளை, தம் மைத்துனர் நைனியப்பப் பிள்ளையின் அழைப்பின் பேரில் குடும்பத்துடன் புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்தார். நைனியப்பர் பிரெஞ்சுக் கும்பினியின் தலைமைத் தரகராக இருந்தவர். 1716-இல் ஆளுநர் எபேர் காலத்தில் அவர்மீது வழக்குத் தொடுக்கப்பட்டது; அவர் தண்டிக்கப்பட்டு 1717-இல் சிறையிலேயே இறந்தார். அவருடைய மகன் குருவப்பப் பிள்ளை பிரான்சு சென்று நியாயம் கேட்டார். தீர்ப்பு பின்னர் மாற்றப்பட்டது. குருவப்பருக்கு அங்கு வீரத்திருத்தகைப் பட்டமும் கிடைத்தது.

இக்குடும்ப வரலாறு நாட்குறிப்பின் தோற்றத்துக்கு முன்னுரையாக வாசிக்கத்தக்கது. நைனியப்பரின் வழக்கில் சாட்சியங்கள் ஒரு மொழியில் சொல்லப்பட்டு வேறு மொழியில் பதிவாயின. பிரெஞ்சில் எழுதப்பட்டதைச் சரிபார்க்கும் வாய்ப்பு குற்றம் சாட்டப்பட்டவருக்கு இல்லை. யார் என்ன சொன்னார், எப்போது சொன்னார் என்பதற்குத் தன்வசம் ஒரு பதிவு இல்லாதவன் கும்பினிச் சேவையில் எவ்வளவு எளிதாக வீழ்வான் என்பதை அவ்வீட்டுப் பிள்ளைகள் கதையாகக் கேட்டு வளர்ந்திருக்க வேண்டும். இது ஊகமே, ஆயினும் நாட்குறிப்பின் வடிவம் இவ்வூகத்துக்கு இடந்தருகிறது.

பிள்ளை எழுதத் தொடங்கியது நள வருடம் ஆவணி மாதம், அதாவது 1736 செப்டம்பர் 6. அப்போது வயது 27. ஆளுநராக இருந்தவர் தூமா. தலைமைத் துபாசிப் பதவியில் கனகராய முதலியார் இருந்தார். பிள்ளை செல்வாக்குள்ள இளம் வணிகர். பரங்கிப்பேட்டையில் கும்பினி வணிகத்தை நடத்திய அனுபவம் உடையவர். தொடக்கத்தில் அவர் தமக்கு வகுத்துக்கொண்ட நோக்கம் எளியது: காதால் கேட்டதையும் கண்ணால் கண்டதையும், கப்பல்களின் வரவையும் போக்கையும், நடக்கும் அதிசயங்களையும் எழுதிவைப்பது. மனம் என்ற சொல்லோ, தன் நிலை என்ற கருத்தோ அந்த நோக்கத்தில் இல்லை. கணக்கேடு எழுதும் கை, அதே ஒழுங்கில் நாளையும் எழுதத் தொடங்கியது என்றே கொள்ள வேண்டும். தமிழ் வருடம், மாதம், கிழமை, ஆங்கிலத் தேதி, நாழிகை என்று ஒவ்வொரு குறிப்பும் தன் இடத்தை முதலில் குறித்துக்கொள்கிறது. நாள், தொகை, ஆள் மூன்றையும் விடாத வணிக ஏட்டின் பழக்கம் இது.

இவ்விடத்தில் ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது நிற்கலாம். இந்நாட்குறிப்பைக் குறிக்கச் ‘சொஸ்த லிகிதம்’ என்ற தொடரும் வழங்கியது. தன் கைப்பட எழுதியது என்பது பொருள். ‘சுவ ஹஸ்தம்’ என்பதன் திரிபு. பேச்சு வழக்கில் நோய் தீர்ந்து நலம் பெறுவதையும் ‘சொஸ்தமாதல்’ என்பர். அது வேறு வேரிலிருந்து வந்தது. இரண்டும் தமிழ் நாவில் ஒரே ஒலியாகிவிட்டன. இந்த ஒலியொற்றுமையின் மீது வாதம் எதையும் கட்ட இயலாது.

1746: குறிப்பு அடர்த்தியுறுதல்

நாட்குறிப்பின் வரலாற்றை எழுதுவோர் அதன் உள்ளடக்கத்தை ஆராயும் அளவுக்கு அதன் பருமனை ஆராய்வதில்லை. சென்னை அரசு அச்சகம் 1904 முதல் 1928 வரை வெளியிட்ட பன்னிரண்டு தொகுதி ஆங்கில மொழிபெயர்ப்பை எடுத்துக்கொண்டால், 1736-இல் தொடங்கி ஏறத்தாழப் பத்தாண்டுக் காலக் குறிப்புகள் முதல் தொகுதிக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. அடுத்த இரண்டு தொகுதிகளும் 1746 ஏப்ரல் முதல் 1747 மார்ச் வரையுள்ள ஓராண்டுக்கே செலவாகின்றன. ஏடுகள் சில காணாமற்போனதும் இதற்கு ஓரளவு காரணம். ஆனால் அது மட்டுமே காரணமாக இருக்க முடியாது.

1746-இல் இரண்டு மாற்றங்கள் நேர்ந்தன. பிப்ரவரியில் கனகராய முதலியார் இறந்தார். செப்டம்பரில் லபூர்தொனே தலைமையில் பிரெஞ்சுப் படை சென்னையைக் கைப்பற்றியது. இரண்டாவது நிகழ்வு உலக வரலாற்றில் இடம்பெற்றது; அதனால் ஆய்வாளரின் கவனமும் அதன்மீதே குவிந்தது. பிள்ளையின் சொந்த வாழ்வைப் பொறுத்தவரை முதலாவதே நிலைகுலையச் செய்தது. கனகராயரின் பதவி யாருக்கு என்பது நெடுநாள் முடிவாகவில்லை. கிறித்தவர் அல்லாத ஒருவர் அப்பதவிக்கு வருவதைப் பாதிரிமார் விரும்பவில்லை. கனகராயரின் தம்பி சின்ன முதலி உரிமை கோரினார். ஆளுநர் துய்ப்ளேக்சின் மனைவி வேறொருவரை ஆதரித்தார். அவர் புதுச்சேரியிலேயே பிறந்தவர், தமிழ் அறிந்தவர். பிள்ளையோ முறையான நியமனம் இன்றியே அப்பதவியின் வேலைகள் முழுவதையும் செய்துவந்தார்.

வேலை உண்டு, பெயர் இல்லை. ஆளுநரின் தயவு உண்டு, அது நாளைக்கும் இருக்கும் என்ற உறுதி இல்லை. இந்த நிலையில்தான் குறிப்புகள் நீள்கின்றன. ஒரே நாளின் பேச்சுகள் பல பக்கங்களுக்கு விரிகின்றன. காலையில் ஆளுநர் மாளிகை, பின்னர்ப் பாக்குக் கிடங்கு, இரவில் வீடு என்ற அன்றாடச் சுற்றில் எவர் எதிர்ப்பட்டார், அவர் கூறியது என்ன, தாம் கூறிய மறுமொழி என்ன, அப்போது உடனிருந்தவர் யார் என்பன நுட்பமாக இடம்பெறுகின்றன. ஒரு பழக்கம் தொடங்கும் நாளும் அது வாழ்வுக்கு இன்றியமையாததாகும் நாளும் ஒன்றல்ல. பிள்ளையின் நாட்குறிப்பு 1736-இல் தொடங்கியது. பத்தாண்டு கழித்துத்தான் அவருக்கு அது தேவைப்பட்டது.

உரையாடல் என்னும் வடிவம்

துபாசி என்பவர் இரு மொழிகளுக்கு இடையில் நிற்பவர். ஒருவர் சொன்னதை மற்றவருக்குக் கொண்டுசெல்வதே அவருடைய தொழில். கொண்டுசெல்லும்போது தம் கருத்தை அடக்கிக்கொள்வதும் அத்தொழிலின் ஒழுக்கமே. துரை கோபமாகச் சொன்னதை வணிகரிடம் எவ்வாறு மென்மையாக்குவது, வணிகர் புலம்பியதைத் துரையிடம் எவ்வாறு சுருக்குவது என்பதில்தான் அவருடைய பகல்பொழுது கழிகிறது. அவ்வாறு அடக்கப்பட்ட சொற்கள் எங்கே போகும் என்ற கேள்விக்கு நாட்குறிப்பே விடையாக உள்ளது.

துய்ப்ளேக்சுடன் நடந்த பேச்சுகளைப் பதிவுசெய்யும் பகுதிகளில் ஓர் அமைப்பு மீண்டும் மீண்டும் காணப்படுகிறது. முதலில் ஆளுநரின் சொல். பின்னர்ப் பிள்ளையின் பணிவான மறுமொழி. புகழ்மொழிகளைக் கூட அவர் விடுவதில்லை. துரையின் பெருமையைத் தாம் எவ்வளவு விரிவாக எடுத்துரைத்தார் என்பதை முழுமையாக எழுதுகிறார். அதன் பிறகு, பேச்சு முடிந்து வெளியே வந்த பின், தம் மனத்தில் எழுந்த மதிப்பீடு வருகிறது. அது சில இடங்களில் ஒரே வாக்கியம். சில இடங்களில் நகரின் நீதி கெட்டுவிட்டது, இதற்குக் கேடுகாலம் நெருங்கிவிட்டது என்ற நீண்ட புலம்பல். மாளிகையில் பேசிய வாயும் ஏட்டில் எழுதிய கையும் ஒருவருடையவையே. அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவை அளந்து வைப்பதே அன்றாட எழுத்தின் வேலையாக இருந்தது.

ஆனந்தரங்கரை ‘இந்தியாவின் பெப்பிசு’ என்று அழைக்கும் வழக்கம் உண்டு. இலண்டனில் 1660 முதல் 1669 வரை நாட்குறிப்பு எழுதிய சாமுவேல் பெப்பிசுடன் ஒப்பிடும் இவ்வழக்கம் அவருக்கு உலகப் பெயர் தேடித் தந்திருக்கலாம். வாசிப்புக்கு அது உதவவில்லை. பெப்பிசு சுருக்கெழுத்தில் எழுதினார். தம் மனைவி அறியக் கூடாதவற்றையும் ஏட்டில் ஒளித்துவைத்தார். அவருடைய நாட்குறிப்பின் சுவை அந்த ஒளிவிலேயே உள்ளது. பிள்ளை எல்லோருக்கும் புரியும் பேச்சுத் தமிழில், முசே, மதாம், கோன்சேல் என்ற அன்றைய நகரச் சொற்கள் கலந்து எழுதினார். வீட்டின் கணக்கேடுகளோடு இருந்த அந்த ஏடு பூட்டிய பெட்டிக்குள் அடங்கும் அந்தரங்கம் அன்று. பிற்காலத்தில் குடும்பத்தார் ஒரு நாள் இதனைப் படிப்பர், தம் பக்கத்து நியாயத்தை அறிவர் என்ற எண்ணம் அவ்வெழுத்தில் மறைமுகமாக இழையோடுகிறது. மனச்சுமையை இறக்கிவைக்கத் தனிமை வேண்டும் என்பது இன்றைய கருத்து. பிள்ளைக்குத் தேவைப்பட்டது தனிமையன்று. தம் பேச்சைத் திரிக்காமல் ஏற்றுக்கொள்ளும் ஒரு சாட்சி.

தம்மைப் பிறர் பாராட்டியதை அவர் பதிவுசெய்யும் ஆர்வமும் இத்துடன் சேர்த்து எண்ணத்தக்கது. முசாபர் சங் வழியாகக் கிடைத்த பட்டமும் மரியாதைகளும், புலவர்கள் பாடிப் பரிசில் பெற்றதும், எளிய வணிகர் ஒருவர் பாக்குக் கிடங்கில் வந்து சொன்ன நல்வார்த்தையும் ஒரே கவனத்துடன் எழுதப்படுகின்றன. இதனைத் தற்பெருமை என்று தள்ளிவிடும் ஆய்வாளர் உளர். தினந்தோறும் அவமதிப்புக்கு அஞ்சியிருந்த ஒருவர், தமக்குக் கிடைத்த நல்ல சொற்களை எண்ணிச் சேர்த்துவைத்தார் என்று கொள்வதே பொருத்தம். நாள்தோறும் நன்றிக்குரியவற்றை எழுதுமாறு இன்றைய மனநல நூல்கள் கூறும் பயிற்சிக்கும் இதற்கும் உள்ள உறவு, மேலோட்டமாகத் தோன்றுவதைவிட நெருக்கமானது.

கோள்நிலை பற்றிய குறிப்புகளையும் இவ்வாறே நோக்கலாம். சோதிடர் கூறியவை, தமக்குப் பொல்லாத காலம் எப்போது தொடங்கி எப்போது முடியும் என்பன ஏடு முழுவதும் விரவியுள்ளன. மூடநம்பிக்கை என்று மொழிபெயர்ப்பாளரும் வரலாற்றாசிரியரும் கடந்து சென்ற இப்பகுதிகள், எழுதியவரின் மனநிலையை அறிவதற்கு முதன்மையான சான்றுகள். துன்பத்துக்கு ஒரு காலவரையறை இருக்கிறது என்று ஏட்டில் எழுதிக்கொள்வது, அதனைத் தாங்கும் வழிகளுள் ஒன்று.

1748 செப்டம்பர்

நாட்குறிப்பின் மிகக் கடினமான பக்கங்கள் 1748-இல் எழுதப்பட்டவை. ஆங்கிலேயத் தளபதி பாசுகவன் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த காலம் அது. நகரின் நடுவில், பாதிரிமார் கோயிலுக்கு அருகிலிருந்த வேதபுரீசுவரர் கோயிலை அகற்ற வேண்டும் என்ற கோரிக்கை பல்லாண்டுகளாக இருந்துவந்தது. முற்றுகையின் குழப்பத்தைப் பயன்படுத்தி அது இடிக்கப்பட்டது. துய்ப்ளேக்சின் மனைவிக்கு அதில் இருந்த பங்கைப் பிள்ளை வெளிப்படையாகவே எழுதுகிறார்.

ஆளுநரின் தலைமை இந்திய அதிகாரியாக இருந்த அவர் அதனைத் தடுக்க இயலவில்லை. மகாநாட்டார் அவரிடம் வந்து முறையிட்டனர். சாகவும் துணிந்ததாகச் சிலர் கூறினர். அவர் அவர்களை அமைதிப்படுத்தி, விக்கிரகங்களையும் பொருள்களையும் விரைந்து காளத்தீசுவரன் கோயிலுக்குக் கொண்டுபோகுமாறு அறிவுறுத்தினார். இந்த அறிவுரையையும் அதற்கான காரணங்களையும் அவர் எழுதும் முறை கவனிக்கத்தக்கது. தம் துயரம் இவ்வளவு என்று அவர் தொடங்குவதில்லை. யார் எந்த நேரத்தில் வந்தார், என்ன சொன்னார், தாம் என்ன பதில் கூறினார், பின்னர் எது இடிக்கப்பட்டது என்று காலவரிசையில் செல்கிறார். இடையில் கோபம் திசை மாறுகிறது: ஆளுநர் வீட்டாரின் மீது ஒரு பகுதி, ஒற்றுமையின்றிக் காலம் தாழ்த்திய தமிழ்த் தலைவர்கள் மீது ஒரு பகுதி. முன்னரே கோயிலை வேறிடத்துக்கு மாற்ற உடன்பட்டிருந்தால் ஈடும் கிடைத்திருக்கும், மானமும் தப்பியிருக்கும் என்பது அவர் தரப்பு.

தம்மைத் தாமே நியாயப்படுத்திக்கொள்ளும் எழுத்து இது என்பதில் ஐயமில்லை. அவர் கூறும் காரணங்கள் அனைத்தையும் ஏற்க வேண்டிய கட்டாயம் வாசகருக்கு இல்லை. பதவியைத் துறக்கும் எண்ணம் ஏன் எழவில்லை என்ற கேள்விக்கு ஏட்டில் நேரடியான விடை கிடையாது. ஆனால் மனநலக் கோணத்தில் நோக்கும்போது, அந்நாளில் அவர் இதனை வேறு எவரிடத்தும் சொல்லியிருக்க முடியாது என்பது முதன்மையானது. துரையிடம் சொன்னால் பதவி போகும். மகாநாட்டாரிடம் சொன்னால் கலகம் மூளும். சொன்ன சொல், சொல்லாத காரணம், பிறர் பிழை, தம் இயலாமை ஆகிய அனைத்தும் ஒரே இடத்தில், காரணகாரிய வரிசையில் அமைய ஏடு ஒன்றே இடமளித்தது.

உளவியல் அளவுகோலும் அதன் எல்லையும்

மேற்கண்ட காரணகாரிய வரிசை பென்னிபேக்கரின் பிந்தைய ஆய்வுகளுடன் ஒப்பிடத்தக்கது. 1997-இல் அவரும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரை, எழுதுவோர் பயன்படுத்தும் சொற்களைக் கணக்கிட்டது. உணர்வுச் சொற்களின் எண்ணிக்கை மட்டும் நலத்தை முன்னறிவிக்கவில்லை. நாள்கள் செல்லச்செல்லக் காரணத்தைக் குறிக்கும் சொற்களும், உணர்ந்தறிதலைக் குறிக்கும் சொற்களும் யாருடைய எழுத்தில் கூடினவோ அவர்களே மிகுந்த பயன் பெற்றனர். சிதறிக் கிடந்த நிகழ்வு ஒரு கதையாகக் கோவைப்படுவதே பயன் தருகிறது என்ற விளக்கம் இதிலிருந்து பிறந்தது. இவ்விளக்கம் 1986-ஆம் ஆண்டுச் சோதனையின் நிகழ்வு-உணர்வுப் பிரிப்பை ஓரளவு தளர்த்துகிறது. பிள்ளையின் நாட்குறிப்புக்கு அது கூடுதலாகப் பொருந்துகிறது. உணர்வைப் பெயர் சொல்லி அழைக்காமலேயே, பேசியவரையும் பேச்சையும் வரிசைப்படுத்துவதன் வழி உணர்வுக்கு ஓர் இடம் கொடுக்கும் வடிவம் அது.

ஆயினும் பொருத்தத்தை மிகைப்படுத்துவது பிழை. ஆய்வகத்தில் எழுதியோர் நான்கு நாள் மட்டும் எழுதினர். எழுதியதை வேறு எவரும் அடையாளங்காண இயலாது என்ற உறுதி அவர்களுக்கு இருந்தது. எழுதி முடித்த உடனே அவர்களின் மனநிலை தாழ்ந்தே இருந்தது என்பதும் அதே ஆய்வின் முடிவு. 2006-இல் ஜோன் ஃப்ராட்டரோலி 146 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, வெளிப்பாட்டு எழுத்தின் பயன் உண்மையானது, ஆனால் அளவில் சிறியது என்ற முடிவே கிடைத்தது. நாட்குறிப்பு எல்லாத் துயருக்கும் மருந்து என்று கூறும் தமிழ்த் தன்னம்பிக்கை நூல்கள் இந்தச் சிறுமையை வாசகருக்குத் தெரிவிப்பதில்லை.

பிள்ளையின் வாழ்வும் எளிய முடிவுக்கு இடந்தரவில்லை. துய்ப்ளேக்சு 1754-இல் திருப்பி அழைக்கப்பட்டார். அதன் பின் பிள்ளையின் செல்வாக்குத் தேய்ந்தது. உடல்நலமும் குன்றியது. 1756-இல் அவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். எழுத்து இவற்றுள் எதையும் தடுக்கவில்லை. எழுதாமலிருந்தால் அவர் இன்னும் விரைவில் நொறுங்கியிருப்பாரா என்பதைச் சொல்லும் சோதனை வரலாற்றில் கிடையாது. சான்று காட்டுவது ஒன்றையே: பதவியோடு எழுத்து நிற்கவில்லை. கும்பினிக்கு அவர் தேவைப்படாத ஆண்டுகளிலும், பதிவுசெய்யப் பெரிய செய்திகள் அவரை வந்தடையாத நாள்களிலும் ஏடு நிரம்பியது. ஆவணம் சேர்ப்பது மட்டுமே நோக்கமாயிருந்தால் 1756-க்குப் பின் எழுதுவதற்குக் காரணம் குறைவு.

பிற மரபுகள்

அகத்தை நேரடியாக ஆராயும் நாட்குறிப்பு தமிழ்நாட்டில் அக்காலத்தில் இல்லாமலில்லை. தரங்கம்பாடியில் 1706 முதல் இயங்கிய சீர்திருத்தச் சபையினர், ஆல்லே நகரின் பக்தி இயக்கத்திலிருந்து வந்தவர்கள். தன் ஆன்மாவின் நிலையை அன்றாடம் சோதித்து எழுதுவது அவ்வியக்கத்தின் ஒழுக்கம். ஆனால் அக்குறிப்புகள் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டு அச்சிடப்பட்டன, ஆதரவாளர் படித்தனர். பின்னாளில் திருநெல்வேலிப் பகுதியில் உபதேசியார் எழுதிய நாட்குறிப்புகளும் மேலாளர் பார்வைக்கு உரியவை. தன் பலவீனத்தை எழுதும் உபதேசியார், அதனைப் படிக்கப்போகும் கண்ணை மறந்து எழுதினார் என்று கொள்வது கடினம். அந்தரங்கம் என்று இன்று கருதப்படும் எழுத்துமுறை தமிழ் மண்ணில் மேற்பார்வையின் கீழ்தான் முளைத்தது என்பது விரிவான தனி ஆய்வுக்கு உரியது.

இருபதாம் நூற்றாண்டில் சிறை ஒரு புதிய தொடக்கமாயிற்று. ஒத்துழையாமை இயக்கத்தின்போது 1921 டிசம்பர் முதல் 1922 மார்ச் வரை வேலூர்ச் சிறையிலிருந்த இராஜாஜி அங்கு நாட்குறிப்பு எழுதினார். ஆஸ்துமாத் தொல்லை, உணவு, உறக்கம், உடன் இருந்தோர், சிறை விதிகள் என்பனவே அதன் பொருள்கள். பிள்ளைக்குப் பின் நூற்றறுபது ஆண்டு கழிந்தும், உடலையும் அன்றாடத்தையும் ஒழுங்காகக் குறிப்பதன் வழியே மனத்தைக் காக்கும் முறை அதிலும் தொடர்கிறது.

ஏட்டின் பின்வாழ்வு

1761 ஜனவரியில் ஆனந்தரங்கப் பிள்ளை இறந்தார். அதே மாதம் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. நகரம் இடித்துத் தள்ளப்பட்டது. ஏடுகள் குடும்பத்தாரிடம் இருந்தன. 1846-இல் கலுவா மொம்பிரேன் அவற்றைக் கண்டு படியெடுக்கச் செய்தார். எதுவார் ஆரியேல் எடுத்த படி பாரிசுத் தேசிய நூலகத்தைச் சேர்ந்தது. ஆங்கில மொழிபெயர்ப்பை முதலில் பிரைசும் ரங்காச்சாரியும், பின்னர் டாட்வெல்லும் பதிப்பித்தனர். இம்மூவருக்கும் அது கர்நாடகப் போர்களின் ஆவணம். அடிக்குறிப்புகள் அனைத்தும் படை நகர்வுகளையும் அதிகாரிகளின் பெயர்களையும் சரிபார்ப்பதிலேயே ஈடுபட்டன. தமிழ் மூலத்தின் பேச்சு நடையில் தெரியும் தயக்கமும் கோபமும், சொல்லை விழுங்கும் இடங்களும் ஆங்கிலத்தின் சீரான வாக்கியங்களில் பெரும்பாலும் மறைந்தன. பிரபஞ்சனின் புதினங்கள் அம்மறைவைக் கற்பனையால் நிரப்ப முயன்றன. ஆய்வுலகம் இன்னும் மூலத்தின் நடையை மனநிலைச் சான்றாக முறையாக வாசிக்கத் தொடங்கவில்லை.

குடும்பத்துக்குள் நிகழ்ந்தது வேறு. பிள்ளையின் தம்பி மகன் ரங்கப்பத் திருவேங்கடம் பிள்ளை 1761 முதல் தாமும் நாட்குறிப்பு எழுதினார். புதுச்சேரி 1765-இல்தான் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பியது. அவருடைய குறிப்புகள் தொடங்கும் ஆண்டுகளில் எழுதுவதற்கு ஆளுநர் மாளிகையும் இல்லை, கோட்டையும் இல்லை. நாள், கிழமை, வந்தவர், சொன்னது என்ற பழைய வரிசையிலேயே அவர் எழுதிச்சென்றார்.